பாடக்குறிப்பு எழுத ஒரு பார்க்கர் 51: நாலு வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேனா சேகரிக்கிற ஆள் இல்லை. கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிற வாத்தியார். வாராவாரம் பாடக்குறிப்பு, தினமும் வருகைப் பதிவேடு, பரீட்சை சமயத்தில் மார்க் லிஸ்ட், ராத்திரி வீட்டுக் கணக்கு நோட்டு, அவ்வளவுதான் என் எழுத்து வேலை. "இதுக்கு அஞ்சு ரூபா பேனா போதாதாங்க?" என்று வீட்டில் கேட்டார்கள், நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் நாலு வருடமாகப் பையில் இருப்பது என்னைவிட வயதான ஒரு மை பேனா, பார்க்கர் 51. இங்கிலாந்தில் செய்தது, பர்கண்டி நிறம், அதாவது அறுத்து வைத்த பீட்ரூட் நிறம், ஸ்டீல் மூடி. ரிப்பேர் செலவும் சேர்த்து எனக்கு 6,200 ரூபாய் ஆனது.

மை பேனாவை விட்டுவிட்டுப் பால்பாயிண்ட்டுக்குப் போன எல்லோரும் சொல்கிற காரணம் ஒன்றுதான், கக்கும். நாங்கள் படித்த காலத்தில் பேனா என்றால் கழுத்தைத் திருகிக் கழற்றி, பில்லரால் மையை நேராக உடம்புக்குள் ஊற்றுவது. காலையில் நிறைய ஊற்றினால் மத்தியானம் வரைக்கும் ஒழுங்காக எழுதும், மை பாதிக்குக் கீழே இறங்கியதும்தான் சனியன் பிடிக்கும். ஏன் என்பது இப்போது ப்ளஸ் ஒன்னுக்கு வாயு விதிகள் நடத்தும்போது வருடா வருடம் நானே சொல்கிற உதாரணம். மை குறையக் குறைய உள்ளே காற்று அதிகம், கைச்சூடு பட்டுக் காற்று விரியும், விரிந்த காற்று மையை நிப்பு வழியாகத் தள்ளும், நோட்டில் சொட்டென்று ஒரு காக்காய் முட்டை. பெஞ்சுக்காரனிடம் ரெண்டு சொட்டு கடன் வாங்கி ஊற்றினால் கக்குவது நின்றுவிடும், அதுவும் இதே சார்லஸ் விதிதான், அப்போது தெரியாது.

51இல் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது, இந்தப் பேனாவை நான் வாங்கியதே அதற்காகத்தான். நிப்பை வெளியே காட்டாமல் மேலே ஒரு கூடு மூடியிருக்கும், நுனி மட்டும் பல்லி நாக்கு மாதிரி எட்டிப் பார்க்கும். அந்தக் கூட்டுக்குள், நிப்பைச் சுற்றி, நெருக்கமாக அடுக்கிய தட்டுத் தட்டான இடுக்குகள் கொண்ட ஒரு துண்டு. சூட்டில் தள்ளப்பட்டு வருகிற உபரி மை வெளியே சொட்டாமல் அந்த இடுக்குகளில் போய் நிற்கும், பேனா ஆறினால் உள்ளே திரும்பும். நிப்பு மூடியே இருப்பதால் நுனி சீக்கிரம் காயவும் காயாது. போர்டில் ஒரு சமன்பாடு எழுதிவிட்டு, நாலு பேரை எழுப்பிக் கேள்வி கேட்டுவிட்டு, மூடாமல் மேஜையில் வைத்த பேனாவை எடுத்தால் முதல் எழுத்திலேயே மை வருகிறது. நாலு வருடத்தில், மே மாத வெயிலில், கரண்ட் இல்லாத ஸ்டாஃப் ரூமில், ஒரு தடவைகூடச் சட்டையில் சொட்டவில்லை. (முதலில் வாங்கிய ஒன்று சொட்டியது. அந்தக் கதை அப்புறம்.)

இந்தக் கூட்டு நிப்பைப் பார்த்ததும் உங்களுக்கு ஹீரோ பேனா ஞாபகம் வந்திருக்கும். சரிதான். பத்தாவது பாஸானால் மாமா வாங்கித் தருவாரே அந்த ஹீரோ, அதில் 616 என்கிற மாடல் அப்படியே 51ஐப் பார்த்து சீனாவில் செய்தது. ஆகவே நம்மில் பாதிப் பேர் 51இன் நகலில் எழுதிப் பழகியவர்கள்தான், அசல் இன்னொன்று இருப்பது மட்டும் தெரியாது. அசலைப் பார்க்கர் கம்பெனி 1939இல் உருவாக்கி முடித்தது, கம்பெனி தொடங்கி 51ஆவது வருடம் என்பதால் அந்தப் பெயர். 1941இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது விலை 12.50 டாலர், அந்தக் காலத்துக்கு அது பெரிய காசு. 1972 வரை செய்திருக்கிறார்கள், கோடிக்கணக்கில் விற்றிருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அந்தக் கோடிதான், ஏனென்றால் அவ்வளவு ஓடிய சாமான் என்பதால்தான் இன்றைக்கும் உதிரி பாகம் கிடைக்கிறது, ரிப்பேர் தெரிந்த கை இருக்கிறது, விலையும் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கிறது.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1948 வரைக்கும் வந்த 51இல் மை ஏற்ற, பின்பக்க மூடியைக் கழற்றி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அதற்குள்ளே ரப்பர் ஜவ்வு ஒன்று உண்டு, வயதானால் கிழியும். 1948இலிருந்து வந்ததில் உடம்பைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஓர் உலோகக் குழாய், அதில் ஓர் அழுத்துப் பட்டை, பட்டைக்கு உள்ளே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை. இந்தப் பை சாவதே இல்லை. என்னுடையதில் பழுப்பேறிப்போய்க் கருப்பட்டிப் பாகு மாதிரி நிறம், ஆனால் இன்னும் மெத்தென்று இருக்கிறது, முதன்முதலில் போட்ட பை அதுதான் என்றார் ரிப்பேர் செய்தவர். தினமும் எழுத வேண்டும் என்றால் இந்த இரண்டாவது வகையைத்தான் வாங்க வேண்டும். முதல் வகை அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் அது வைத்துப் பார்க்கிறவர்களுக்கு.

இப்போது அந்தச் சொட்டிய கதை. முதலில் ஒன்றை இணையத்தில் வாங்கினேன், விற்றவர் பெயர் வேண்டாம். "முழுக்கச் சரிபார்த்தது, அப்படியே எழுதலாம்" என்று போட்டிருந்தது. வந்த பேனா பளபளவென்று இருந்தது, அதுதான் முதல் சந்தேகமாக இருந்திருக்க வேண்டும். அளவுக்கு மீறி பாலிஷ் போட்டதில் உடம்பில் இருந்த முத்திரை எழுத்தெல்லாம் தேய்ந்து, தடவினால்கூடத் தெரியவில்லை. கூடு சேருகிற இடத்தில் அரக்கு வைத்து அடைக்க வேண்டியதை ஏதோ பசையால் ஒட்டியிருந்தார்கள். மயிலாடுதுறை பாசஞ்சரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இறங்கும்போது வெள்ளைச் சட்டைப் பையில் நீலமாக ஒரு இந்திய வரைபடம், அந்தமான் உட்பட. பணம் திரும்ப வரவில்லை. அதனால் என் யோசனை, படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், முடிந்தால் கையில் பிடித்து, தண்ணீரில் முக்கிப் பட்டையை அழுத்தி, குமிழி வருகிறதா, உறிஞ்சுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பளபளப்பைவிட முத்திரை முக்கியம்.

இரண்டாவது பேனா பழைய பேனா ரிப்பேர் செய்கிற ஒரு பெரியவரிடம் வாங்கியது. அவர் அதைக் கழுவிக்கூடத் தரவில்லை. "சார், நீங்களே கழுவுங்க, அப்பத்தான் பேனா பழகும்" என்றார். ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி ராத்திரி விட்டேன், காலையில் டம்ளர் முழுக்க நீலம். கொட்டிவிட்டு மறுபடி, மறுபடி நீலம். நான் சொன்ன அந்த இடுக்குத் துண்டு இருக்கிறதே, மையைப் பிடித்து வைப்பதில் அது எவ்வளவு கெட்டிக்காரியோ விடுவதில் அவ்வளவு கஞ்சம். மூன்றாம் நாள் நீலம் போய்ப் பச்சை வர ஆரம்பித்தது. யாரோ, என்றைக்கோ, வேறு மை போட்டிருக்கிறார்கள். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் வற்ற வைத்து லேபுக்கு எடுத்துப்போய் வடிதாளில் ஒரு பொட்டு வைத்து, கீழ் விளிம்பைத் தண்ணீரில் தொடவிட்டேன். பிள்ளைகளுக்கு வண்ணப்பிரிகை என்று நடத்துவோமே, அதேதான். தாளில் மேலே மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டை, கீழே மஞ்சளாக ஒரு கோடு, நடுவில் ஊதாவாக ஒரு நிழல். எந்த ஊர் ஆள், என்ன எழுதினார் என்று தெரியாது, அவர் போட்ட மை மட்டும் மூன்று துண்டாகப் பிரிந்து கிடந்தது. அந்தத் தாள் இன்னும் என் டைரிக்குள் இருக்கிறது.

கழுவும்போது ஸ்பிரிட் மட்டும் வேண்டாம். இதன் உடம்பு லூசைட், அதாவது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்கிற பிளாஸ்டிக், ஆல்கஹால் பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விழும். வெந்நீரும் வேண்டாம். ஆறிய தண்ணீர் போதும், ரொம்பப் பிடிவாதமான மை என்றால் தண்ணீரில் நாலைந்து சொட்டு அமோனியா.

எழுதுவது எப்படி? நிப்பு 14 காரட் தங்கம், ஆனால் தங்கம் என்றதும் வளையும், எழுத்து மெல்லிசும் கனமுமாக விழும் என்று நினைக்காதீர்கள். இது ஆணி. எவ்வளவு அழுத்தினாலும் ஒரே கனம்தான். அழகான கையெழுத்துக்கு இது பேனா இல்லை. ஆனால் நாற்பது பேர் மார்க்கை ஒரே மூச்சில் ஏற்றும்போது தெரியும் இதன் அருமை. கையால் தள்ள வேண்டியதே இல்லை, பேனாவின் கனமே போதும், விரல் வலிக்காது. தமிழ் எழுதுவதற்கும் இது வாகாக இருக்கிறது, ண, ணை, ஞ என்று சுழித்துச் சுழித்துப் போகும்போது எங்கேயும் கீறாது, மெல்லிசு முனை என்பதால் எழுத்தின் வயிறும் அடைபடாது. தொல்லை ஒன்று உண்டு, நிப்பு மூடியிருப்பதால் எந்தப் பக்கம் மேல் என்று கண்ணுக்கு உடனே தெரியாது, கொஞ்சம் திருகிப் பிடித்தால் கோடு விட்டுவிட்டு விழும். மூடியில் இருக்கிற அம்புக் கிளிப்பை நிப்புக்கு நேராக வைத்து மூடிப் பழகினால் எடுக்கும்போதே விரலுக்குத் திசை தெரிந்துவிடும். ஒரு பையன் வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இதுல நிப்பே இல்லையே, எப்படி சார் எழுதுது?" என்றான். எழுதிப் பாருடா என்று கொடுத்தேன். தன் பெயரை நாலு தடவை எழுதிவிட்டுத் தர மனசில்லாமல் தந்தான்.

சரி, மை. பேனாவைப் பற்றிக் கேட்கிறவர்கள் மையைப் பற்றிக் கேட்பதில்லை, ஆனால் பழைய பேனாவைக் கெடுப்பது பாதி நேரம் மைதான். இதில் பார்க்கர் கம்பெனியே ஒரு பாடம். 51ஐ விட்டபோது "ஈர மையில் உலர்ந்த எழுத்து" என்கிற மாதிரி விளம்பரம் செய்து, கூடவே தாளுக்குள் சட்டென்று இறங்கிக் காய்கிற ஒரு மையையும் விட்டார்கள். கடுமையான காரத்தன்மை உள்ள மை. மற்ற பேனாக்களின் உடம்பையே தின்றுவிடும், 51க்கு லூசைட் உடம்பு என்பதால் தாங்கியது, அதிலும் உள்ளே இருந்த உலோகத்தைப் பதம் பார்த்திருக்கிறது. பிறகு சூப்பர்குரோம் என்று பெயர் மாற்றி வந்ததும் அதே ஜாதிதான். தாத்தா அலமாரியில் எங்கேயாவது சூப்பர்குரோம் என்று எழுதிய பாட்டில் கிடைத்தால் ஷோகேஸில் வையுங்கள், பேனாவில் ஊற்றாதீர்கள்.

நான் போடுவது சாதாரணத் தண்ணீர் மைதான். பார்க்கரின் குயிங்க் நீலம், சென்னை பிரில் ராயல் ப்ளூ, ஜெர்மன் பெலிக்கான் 4001 ராயல் ப்ளூ, இந்த மூன்றில் எது கிடைக்கிறதோ அது. குயிங்க் 1931இலிருந்து வருகிறது, இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும், பேனாவிலிருந்து இரண்டு கழுவலில் போய்விடும். பெலிக்கான் கொஞ்சம் வறண்டு ஓடுகிற மை, அதிகமாகக் கொட்டுகிற பேனாவுக்கு மூக்கணாங்கயிறு போட்ட மாதிரி, என் பேனாவுக்கு அதுதான் பொருத்தம். பிரில் சின்ன ஊர் ஸ்டேஷனரி கடையிலும் இருக்கும், விலையும் ஒரு காபிச் செலவுதான், நிறம் நாம் பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே நீலம். வெயிலில் வெளுக்கும், தண்ணீர் பட்டால் கரையும், உண்மைதான். பாடக்குறிப்பு என்ன கல்வெட்டா?

கறுப்பு குயிங்க் ஒரு வேடிக்கை. எழுதினால் கறுப்பு, ஈரம் பட்டால் நீலமும் பச்சையுமாக ஓரம் கட்டும், ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் தொட்ட குச்சியை மேலே இழுத்தால் பொன்னிறமாக வெளுக்கும். இதற்காகவே அதை வாங்குகிற ஓவியர்கள் இருக்கிறார்கள். நானும் வகுப்பில் செய்துகாட்டினேன், பீரியட் முடிந்து மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை, அது என் சர்வீஸில் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் வேறு மை. ஒரு ஜூன் மாதம் யாரோ டீ கொட்டி இரண்டு வகுப்பின் வருகை கரைந்து ஓடியபிறகு பெலிக்கானின் ப்ளூ பிளாக்குக்கு மாறினேன். அது இரும்பு மை. எழுதும்போது வெளிர் நீலம், காயக் காய இருளும், காரணம் பெரஸ் அயனி காற்றுப்பட்டு பெர்ரிக் ஆகி டானினோடு சேர்ந்து கரையாத கறுப்பாக நார்களுக்குள் உட்கார்ந்துவிடுகிறது. இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளில் வெகுகாலம் இந்த ஜாதி மையில்தான் எழுதினார்கள். நமக்கும் இது புதிதில்லை, கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சுகிற மை இதேதான், கடுக்காயில் டானின், அன்னபேதியில் இரும்பு. ஆனால் இது அமிலம். 51இல் போட்டால் தங்க நிப்புக்கு ஒன்றும் ஆகாது, அப்படியே மாதக்கணக்கில் காயவிட்டால் அந்த இடுக்குகளில் வண்டலாக உட்கார்ந்துவிடும், அப்புறம் எடுப்பது பகீரதப் பிரயத்தனம். வாரா வாரம் சனிக்கிழமை கழுவுவேன், லீவு விட்டால் அன்றைக்கே.

சிவப்பு மையை இதில் போடுவதே இல்லை. பையில் கறை ஏறினால் போகாது, அதன்பிறகு போடுகிற நீலமெல்லாம் ஊதாவாக வரும். பேப்பர் திருத்துவதற்குப் பழைய ஹீரோ ஒன்று இருக்கிறது, அது அந்த வேலைக்காகவே பிறந்தது. மினுமினு துகள் கலந்த புது மைகளும் வேண்டாம், துகள் போய் அடைத்துக்கொண்டால் கூட்டைச் சூடுபடுத்திக் கழற்ற வேண்டும், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. இந்தியன் இங்க் என்று ட்ராயிங்குக்கு விற்பார்களே, அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அரக்கும் கரித்தூளும், ஒரே நாளில் பேனா கல்லாகிவிடும்.

தாள் விஷயத்தில் நம் பக்கம் ஒரு அதிர்ஷ்டம். சாதாரண நோட்டில் பாதிக்கு மை ஊறிப் பரவும், பின்பக்கம் எழுத முடியாது. ஆனால் கரூர் புகளூரில் டி.என்.பி.எல். காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து செய்கிற தாள் இருக்கிறதே, அதில் இந்தப் பேனாவும் பெலிக்கானும் சேர்ந்தால் எழுத்து வெட்டிவைத்த மாதிரி நிற்கிறது. ஜெராக்ஸ் கடையில் ஒரு கட்டு வாங்கி, நடுவில் தைத்து, நானே நோட்டாக்கிக்கொள்கிறேன்.

குறை என்று சொன்னால், உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று சுலபமாகத் தெரியாது. உடம்பைக் கழற்றி அந்தப் பழுப்புப் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும், அப்போதும் ஊகம்தான். எனக்கு ஒரு நிரப்பு மூன்று நாள் வரும், அதனால் திங்களும் வியாழனும் காலை காபிக்கு முன்னால் மை போடுவது என்று கணக்கு வைத்துவிட்டேன். பட்டையை ஐந்தாறு தடவை அழுத்தி, ஒவ்வொரு தடவையும் விட்டு மூன்று எண்ண வேண்டும். அவசரப்பட்டால் பாதிதான் ஏறும், எட்டாவது பீரியடில் பேனா காற்று குடிக்கும்.

அடுத்தது மூடி. மரை கிடையாது, உள்ளே இருக்கிற சின்ன விரல் மாதிரி தகடுகள் உடம்பில் உள்ள வளையத்தைக் கவ்விப் பிடிக்கும், தள்ளினால் மூடும், இழுத்தால் வரும். புதிதில் அந்த மூடுகிற சுகத்துக்காகவே பத்து தடவை திறந்து மூடுவேன். என்னுடையதில் இந்த வருடம் பிடி தளர ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் அசெம்பிளியில் குனிந்தபோது பேனா மூடியிலிருந்து வழுகி நிப்பு கீழாக விழுந்தது, மணலில் விழுந்ததால் தப்பித்தது, சிமெண்ட் தரை என்றால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும். பெரியவரிடம் கேட்டேன், அந்தத் தகட்டு வளையம் கைவசம் இல்லை, வேறு ஒரு உடைந்த மூடியிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும், தீபாவளிக்குள் பார்க்கலாம் என்றார். அதுவரைக்கும் பேனா சட்டைப் பையில் இல்லை, ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.